தாய்ப்பாலும் டின் பாலும்: இரண்டையும் கொடுத்துப் பார்த்தவளின் கணக்கு

என் மூத்தவளுக்குப் பிறந்த மூன்றாம் நாளே பால் பவுடர் டின் வாங்கிவிட்டோம். ஆபரேஷன் பண்ணித்தான் எடுத்தார்கள். பிள்ளை வீறிட்டு அழுதது, எனக்குப் பீய்ச்சினால் நாலு சொட்டு மஞ்சளாக வந்தது. "பால் ஊறல, பிள்ளை காஞ்சு கெடக்கு" என்று அறை முழுக்கப் பேச்சு. அந்த மருத்துவமனையில் யாரும் அதை மறுக்கவில்லை. மருந்துச் சீட்டிலேயே பவுடரின் பெயரை எழுதிக் கொடுத்தார்கள்.

அந்த நாலு சொட்டுதான் சீம்பால் என்பதும், பிறந்த முதல் நாளில் குழந்தை ஒரு தடவைக்குக் குடிப்பதே சில மில்லிதான் என்பதும் எனக்குத் தெரிந்தது நாலு வருஷம் கழித்து, இளையவன் பிறந்தபோது. பால் நன்றாக இறங்க இரண்டு நாளிலிருந்து நாலு நாள் வரை ஆகும். சிசேரியன் என்றால் இன்னும் கொஞ்சம் தாமதமாகலாம். அதுவரை குழந்தையின் எடை ஓரளவு குறைவதும் இயல்பு. இந்த இரண்டு மூன்று நாள் இடைவெளியில்தான் பெரும்பாலான வீடுகளில் டின் உள்ளே வருகிறது. தமிழ்நாட்டில் 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். அப்படியானால் எத்தனை வீடுகள் என்று யோசித்துப் பாருங்கள்.

இரண்டு பாலையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். டின்னில் இருப்பது மோசமான பொருள் இல்லை. பசும்பாலின் புரதத்தைக் குறைத்து, தாவர எண்ணெய், லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை, இரும்பு, வைட்டமின்கள் சேர்த்துத் தாய்ப்பாலுக்கு நெருக்கமாகக் கொண்டுவந்திருக்கிறார்கள். 100 மில்லிக்குக் கிடைக்கும் சக்தி இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றுதான், 65 முதல் 70 கலோரி. வளர்வதற்கான சத்து என்று மட்டும் பார்த்தால் பவுடர் பால் குடித்த பிள்ளை பின்தங்கிவிடாது.

வித்தியாசம் நோய் எதிர்ப்பில் இருக்கிறது. தாய்ப்பாலில் ஐஜிஏ என்ற எதிர்ப்புப் பொருளும் வெள்ளையணுக்களும் கிருமியைத் தடுக்கும் லாக்டோஃபெரின் என்ற புரதமும் இருக்கின்றன. அம்மாவுக்கு ஒரு கிருமி தொற்றினால், அதற்கான எதிர்ப்புப் பொருள் சில நாட்களில் பாலிலும் வந்துவிடும். பிறகு நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட வகைச் சர்க்கரைகள். குழந்தையால் அவற்றைச் செரிக்க முடியாது. அவை போய்ச் சேர்வது குடலில் உள்ள நல்ல பாக்டீரியாவுக்கு. இதில் ஒன்றிரண்டு வகையைச் செய்து சில கம்பெனிகள் இப்போது பவுடரில் சேர்க்கின்றன. மற்றவற்றையும், உயிருள்ள அணுக்களையும் டின்னில் அடைக்க முடியவில்லை.

இதன் பலனைக் காட்டும் ஆய்வுகளில் நான் அதிகம் நம்புவது பெலாரஸ் நாட்டில் 1990களில் நடந்ததை. 31 மருத்துவமனைகள், 17,046 தாய்-சேய் ஜோடிகள். குலுக்கல் முறையில் சில மருத்துவமனைகளில் பாலூட்டுவதற்கு நல்ல உதவி கொடுத்தார்கள், மற்றவற்றில் வழக்கம்போல விட்டார்கள். உதவி கிடைத்த பக்கத்தில் முதல் வருஷத்தில் வயிற்றுப்போக்கு போன்ற குடல் தொற்று வந்த குழந்தைகள் 9.1 சதவீதம், மற்ற பக்கத்தில் 13.2. சுத்தமான தண்ணீர் கிடைக்கும் நாட்டிலேயே இவ்வளவு. லாரித் தண்ணீரைக் குடத்தில் பிடித்து வைக்கும் வீட்டில் என்ன ஆகும்? போதுமான அளவு தாய்ப்பால் எல்லாக் குழந்தைகளுக்கும் கிடைத்தால் உலகில் ஆண்டுக்கு 8,23,000 குழந்தைச் சாவுகளைத் தடுக்கலாம் என்று 2016இல் லான்செட் இதழ் கணக்கிட்டது. குறைமாதக் குழந்தைகளுக்குக் குடல் அழுகும் நோய் வரும் ஆபத்து பவுடர் பாலில் கூடுதல். தூக்கத்திலேயே காரணம் தெரியாமல் சிசு இறப்பதும் தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளில் குறைவு.

ஆனால் "அறிவு வளரும், குண்டாகாது, ஆஸ்துமா வராது" என்று சுவரொட்டிகளில் போடுகிறார்களே, அங்கே நான் கொஞ்சம் நிதானிப்பேன். அதே பெலாரஸ் பிள்ளைகளை ஆறரை வயதில் பார்த்தபோது உடல் பருமனிலும் ஆஸ்துமாவிலும் வித்தியாசம் இல்லை. பேச்சறிவுச் சோதனையில் தெரிந்த கூடுதல் மதிப்பெண்ணும் பதினாறு வயதுக்குள் பெரும்பாலும் கரைந்துவிட்டது. டின் பால் கொடுத்த ஒரு தாய், பிள்ளையின் மார்க் ஷீட்டைப் பார்த்துத் தன்னைக் குற்றம் சொல்லிக்கொள்ளவே கூடாது. நான் சில வருஷம் அப்படிச் சொல்லிக்கொண்டவள், அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

டின் ஜெயிக்கும் இடமும் உண்டு. தாய்ப்பாலில் வைட்டமின் டி போதாது. அதனால்தான் குழந்தை மருத்துவர்கள் தினம் 400 யூனிட் சொட்டு மருந்து எழுதுகிறார்கள், அதை விட்டுவிடாதீர்கள். பவுடரில் அது சேர்த்தே வருகிறது. இரும்பும் தாய்ப்பாலில் குறைவு. இருப்பது நன்றாக உறிஞ்சப்படும், கூடவே நிறைமாதக் குழந்தை வயிற்றிலிருந்தே கொண்டுவரும் சேமிப்பு ஏறக்குறைய ஆறு மாதம் தாங்கும். அதன் பிறகு இணை உணவு கட்டாயம். இன்னொன்று, ராத்திரி அப்பாவோ ஆச்சியோ எழுந்து பால் கலக்கிக் கொடுக்கலாம். மூன்று வாரம் தூங்காதவளுக்கு அது சின்ன விஷயம் இல்லை.

டின் பாலின் உண்மையான ஆபத்து தண்ணீரிலும் கரண்டியிலும் இருக்கிறது. பவுடர் கிருமி நீக்கப்பட்ட பொருள் இல்லை. க்ரோனோபாக்டர் என்ற கிருமி அபூர்வமாக அதில் இருக்கலாம், பச்சைக்குழந்தைக்கு அது உயிராபத்து. அதனால் 70 டிகிரிக்குக் குறையாத சூட்டில் கலக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். கொதித்த தண்ணீரை அரை மணிக்கு மேல் ஆறவிடாமல் பவுடரைப் போட்டு, பிறகு புட்டியோடு குளிர்ந்த தண்ணீரில் வைத்து ஆற்ற வேண்டும். நாங்கள் பிளாஸ்கில் வெதுவெதுப்பாக வைத்திருந்து கலக்கினோம். யாரும் தப்பு என்று சொல்லவில்லை. கலக்கிய பால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் இருந்தால் கொட்டிவிட வேண்டும்.

கரண்டிக் கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். நம் கடைகளில் கிடைக்கும் பல டின்களில் 30 மில்லி தண்ணீருக்கு ஒரு தட்டைக் கரண்டி, ஏறக்குறைய நாலரை கிராம். அஞ்சு கிலோ குழந்தை ஒரு நாளைக்கு 750 மில்லி குடித்தால் 25 கரண்டி, கிட்டத்தட்ட 110 கிராம். 400 கிராம் டின் நாலு நாள் வராது, மாசம் எட்டு டின் வேண்டும். தினக்கூலி வீட்டில் அந்தப் பணம் எங்கிருந்து வரும்? ஆறு நாளைக்கு இழுப்பார்கள். கரண்டி குறையும், தண்ணீர் கூடும். பிள்ளை வயிறு நிறைந்து தூங்கும், ஆனால் தேறாது. டின் பால் விளம்பரத்தை நம் நாட்டின் 1992ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்துவிட்டது, டின்னில் குழந்தைப் படம்கூடப் போட முடியாது. இந்தத் தண்ணீர் கூட்டுவதைத் தடுக்கச் சட்டம் எதுவும் இல்லை.

தாய்க்கு என்ன லாபம்? பிள்ளை சப்பும்போது சுரக்கும் ஆக்சிடோசின் என்ற ஹார்மோன் கருப்பையைச் சுருக்கி உதிரப்போக்கைக் குறைக்கிறது. 30 நாடுகளின் 47 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2002ஆம் ஆண்டு அலசலில், பாலூட்டிய ஒவ்வொரு 12 மாதத்துக்கும் மார்பகப் புற்றுநோய் வாய்ப்பு 4.3 சதவீதம் குறைந்தது. சினைப்பைப் புற்றுநோயும் சர்க்கரை நோயும் குறைகின்றன. டின் பக்கத்தில் இதற்கு ஈடு ஏதும் இல்லை.

"டின் பால் புள்ள கொழுகொழுன்னு இருக்கு, உன் புள்ளையப் பாரு" என்று இளையவனைக் காட்டிச் சொன்னார்கள். மூன்று நாலு மாதத்துக்குப் பிறகு தாய்ப்பால் பிள்ளைகள் சற்று மெதுவாக எடை போடுவது இயல்பு. உலக சுகாதார நிறுவனத்தின் 2006 வளர்ச்சி அட்டவணையே தாய்ப்பால் குடித்த பிள்ளைகளை அளந்து போட்டதுதான், டெல்லிப் பிள்ளைகளும் அதில் உண்டு. முதல் வாரம் தாண்டியதும் நாளைக்கு ஆறு தடவைக்கு மேல் ஒன்றுக்குப் போய், எடையும் ஏறிக்கொண்டிருந்தால் பால் போதுகிறது. அழுகையை வைத்து அளக்காதீர்கள்.

இளையவன் அரசு மருத்துவமனையில் பிறந்தான். தியேட்டரிலிருந்து வார்டுக்கு வந்ததும் ஒரு சிஸ்டர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "காம்ப மட்டும் குடுத்தா புண்ணுதாம்மா ஆகும். கறுப்பு வட்டம் வாய்க்குள்ள போகணும், தாவாக்கட்டை மார்புல முட்டணும்" என்று பிள்ளையின் தலையைப் பிடித்து வைத்துக் காட்டினார். பத்து நிமிஷம் ஆகியிருக்கும். மூத்தவளுக்கும் எனக்கும் கிடைக்காமல் போனது அந்தப் பத்து நிமிஷம்தான்.

டின் தேவைப்படும் தாய்மார் நிஜமாகவே இருக்கிறார்கள். புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொள்பவர், எவ்வளவு முயன்றும் சுரப்பு போதாதவர், தாயை இழந்த பிள்ளையை வளர்ப்பவர். பால் சர்க்கரையை உடல் ஏற்காத கேலக்டோசீமியா என்ற பிறவிக் கோளாறு உள்ள குழந்தைக்குத் தாய்ப்பாலே ஆகாது, லாக்டோஸ் இல்லாத தனிப் பால்தான். குறைமாதக் குழந்தை என்றால் டின்னுக்கு முன் தாய்ப்பால் வங்கி இருக்கிறதா என்று கேளுங்கள். மும்பை சயான் மருத்துவமனையில் 1989இல் தொடங்கிய இந்த ஏற்பாடு இன்று நம் அரசு மருத்துவமனைகள் பலவற்றிலும் இருக்கிறது.

வேலைக்குத் திரும்பி இரண்டும் கலந்து கொடுப்பவர்களுக்கு நான் கண்டது: முதலில் மார்பு, பிறகு டின். அதையும் பாலாடையில், அதாவது மூக்கு வைத்த சின்னக் கிண்ணத்தில் கொடுங்கள். எவர்சில்வர் பாலாடையில் அழுக்கு ஒளிய இடுக்கு இல்லை, கொதிக்கும் தண்ணீரில் போட்டெடுத்தால் தீர்ந்தது. புட்டி ரப்பரில் பழகிய வாய் மார்பை மறுக்கும் தொல்லையும் குறையும். பகலில் எது விட்டாலும் ராத்திரிப் பாலை விடாதீர்கள். பால் சுரக்கவைக்கும் புரோலாக்டின் ராத்திரியில்தான் அதிகம்.