கடை ஜிமெயிலை நிறையாமல் வைத்திருப்பது: என் அனுபவம்

களுவாஞ்சிக்குடியில் கொமினிகேஷன் கடை நடத்துகிறேன். போட்டோ கொப்பி, பிரிண்ட், ஒன்லைன் விண்ணப்பம் எல்லாம் செய்கிறோம். கடைக்கென்று ஒரு ஜிமெயில் முகவரி சுவரில் பெரிதாக ஒட்டியிருக்கிறது. வருகிறவர்கள் அதைப் பார்த்துப் போனிலிருந்து அனுப்புவார்கள், நான் பிரிண்ட் எடுத்துக் கொடுப்பேன். ஐடி கொப்பி, பிறப்புச் சான்றிதழ், சிவி, பாஸ்போர்ட் பக்கம், வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு நோட்டீஸ், 31ஆம் நாள் நினைவு மலர் என்று வந்துகொண்டே இருக்கும். பெரும்பாலானவற்றில் தலைப்புக்கூட இருக்காது, ஒரு பிடிஎப் மட்டும் இருக்கும். இப்படிப்பட்ட இன்பொக்ஸை இரண்டு வருடத்துக்கு மேலாக ஒழுங்காக வைத்திருக்கிறேன். எது உதவியது, எது உதவவில்லை என்று சொல்லலாம் என நினைக்கிறேன்.

முதலில் இடத்தைப் பற்றி. ஜிமெயில் 2004இல் தொடங்கியபோது 1 ஜிபி கொடுத்தார்கள். இப்போது இலவசமாகக் கிடைப்பது 15 ஜிபி. அதை மெயில், ட்ரைவ், கூகுள் போட்டோஸ் மூன்றும் பங்கு போட்டுக்கொள்கின்றன. 2021 ஜூன் 1க்குப் பிறகு போட்டோஸில் ஏற்றும் சாதாரணப் படங்களும் இந்தக் கணக்கில்தான் சேர்கின்றன. அதனால் கடை போனில் படங்கள் தானாக பெக்கப் ஆகிறதா என்று முதலில் பாருங்கள். ஆகிறதென்றால் மெயிலை எவ்வளவு அழித்தாலும் இடம் மிஞ்சாது.

இடம் முழுதாக நிறைந்தால் புது மெயில் உள்ளே வராது, அனுப்பியவருக்கே திரும்பிவிடும். மண்டூரிலிருந்து குருமண்வெளிப் படகுப்பாதையால் ஒரு அம்மா வந்திருந்தா. கட்டாரில் இருக்கும் மகன் அனுப்பிய கடிதத்தைப் பிரிண்ட் எடுத்து, அன்றைக்கே பிரதேச செயலகத்தில் கொடுக்க வேண்டும். “என்ன மனே, மெயில் வந்திட்டா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தா. அங்கே மகனுக்கு மெயில் திரும்பிப் போயிருந்தது. கடைசியில் வட்ஸ்அப்பில் எடுத்துக் கொடுத்தோம். அதன் பிறகுதான் இதை ஒரு வேலையாக எடுத்துச் செய்யத் தொடங்கினேன்.

விளம்பர மெயில்களை அழித்தால் இடம் கிடைக்கும் என்றுதான் பலர் தொடங்குகிறார்கள். கணக்குப் பார்த்தால் அதில் பெரிய பலன் இல்லை. படங்கள் நிறைந்த நினைவு மலர் ஒன்று சாதாரணமாக 20 எம்பி வரும். அந்த இடத்தில் 100 கேபி விளம்பர மெயில் 200 அடங்கும். ஆகவே கனமானதிலிருந்து தொடங்குங்கள். கொம்பியூட்டரில் ஜிமெயிலைத் திறந்தால் தேடல் பெட்டியின் வலது ஓரத்தில் ஒரு சிறிய அடையாளம் இருக்கும். அதை அழுத்தினால் வருகிற படிவத்தில் 5 எம்பிக்கு மேற்பட்டவை என்று கேட்கலாம். மேலே உள்ள பெட்டியை டிக் பண்ணினால் அந்தப் பக்கத்தில் உள்ளவை மட்டும்தான் தெரிவாகும். தேடலில் வந்த எல்லாவற்றையும் தெரிவு செய்ய மெயில் பட்டியலுக்கு மேலே ஒரு வரி தோன்றும், அதையும் அழுத்த வேண்டும். அழித்தவை ‘பின்’ (Bin) என்ற குப்பைக் கூடையில் 30 நாள் கிடக்கும், அதுவரை இடத்தையும் பிடித்துக்கொண்டிருக்கும். உடனே இடம் வேண்டுமென்றால் கூடையையும் காலி செய்யுங்கள். ஆர்க்கைவ் பண்ணினால் மெயில் கண்ணுக்குத் தெரியாமல் போகுமே தவிர ஒரு கேபி இடம்கூடக் கிடைக்காது.

இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது. என் இன்பொக்ஸில் கிடப்பவை மற்றவர்களுடைய ஐடியும் பாஸ்போர்ட்டும். யாராவது கடையின் பாஸ்வேர்டைத் திருடினால் ஊரில் பாதிப் பேருடைய ஆவணங்கள் அவன் கையில். பாஸ்வேர்டோடு இன்னொரு உறுதிப்படுத்தலும் கேட்கும் இரண்டு படிச் சரிபார்ப்பைப் போட்டுவிட்டேன், ஆனாலும் வேலை முடிந்த ஆவணம் அங்கே இருக்கவே கூடாது என்பது என் உறுதியான எண்ணம். அதனால் சுவரில் உள்ள முகவரியை மாற்றினேன். அட் குறிக்கு முன்னால் ஒரு கூட்டல் குறியும் ஆங்கிலத்தில் பிரிண்ட் என்ற சொல்லும் சேர்த்தேன். இதற்குப் புதுக் கணக்கு தேவையில்லை, மெயில் அதே பெட்டிக்குத்தான் வரும். அந்த முகவரிக்கு வருபவை எல்லாம் தனி லேபிளுக்கு, அதாவது பெயர் ஒட்டிய ஒரு பிரிவுக்கு, போகும்படி ஒரு ஃபில்டர் போட்டேன். வருகிற மெயிலைத் தானாகப் பிரிக்கும் விதிதான் ஃபில்டர். யாராவது கூட்டல் குறியை விட்டுவிட்டாலும் மெயில் வந்து சேரும், லேபிள் மட்டும் இருக்காது.

அப்புறம் ஒவ்வொரு ஞாயிறும் அந்த லேபிளைத் திறந்து ஒரு வாரத்துக்கு மேற்பட்டவற்றை அழிக்கிறேன். தேடல் பெட்டியில் லேபிளின் பெயருக்குப் பக்கத்தில் older_than:7d என்று எழுதினால் சரியாக அவைதான் வரும். இத்தனை நாளில் தானாக அழிந்துபோகும்படி ஃபில்டர் வைக்க ஜிமெயிலில் வழியில்லை. எனக்கு இது பெரிய குறையாகவே தெரிகிறது. கூகுள் ஆப்ஸ் ஸ்கிரிப்ட் என்ற, இப்படியான வேலைகளைத் தானாகச் செய்யவைக்கும் சிறு நிரலை எழுதத் தெரிந்தவர்கள் செய்துகொள்ளலாம். “மறுகா வந்து எடுக்கிறன்” என்று சொல்லிப் போகிறவர்களுடையதை மட்டும் நட்சத்திரம் போட்டு வைத்து, அழிக்கும்போது விட்டுவிடுகிறேன்.

விளம்பரங்களுக்கு நேரம் செலவழிக்கத் தேவையில்லை. 2024இலிருந்து, ஒரு நாளில் ஜிமெயில் முகவரிகளுக்கு 5,000க்கு மேல் மெயில் அனுப்புகிறவர்கள் தங்கள் விளம்பர மெயில்களில் ஒரே அழுத்தத்தில் விலகும் வசதியைக் கொடுக்க வேண்டும் என்று கூகுள் கட்டாயமாக்கியது. அனுப்பியவர் பெயருக்குப் பக்கத்திலேயே அன்சப்ஸ்கிரைப் வரும். யாரென்றே தெரியாதவன் அனுப்பிய மெயிலின் உள்ளே இருக்கும் இணைப்பை மட்டும் தொடாதீர்கள், அதை ஸ்பாமுக்குத் தள்ளிவிடுங்கள்.

மாதாமாதம் காசு கட்டி 100 ஜிபி வாங்கலாமா என்று பக்கத்துக் கடைத் தம்பி கேட்டான். அவன் ஸ்டூடியோ வைத்திருக்கிறான், கலியாண அல்பங்களை வைத்திருக்க வேண்டும், அவனுக்கு அது நியாயம். எங்களைப் போல வந்ததைப் பிரிண்ட் எடுத்துவிட்டு அழிக்கும் கடைக்கு 15 ஜிபி தாராளம். இப்போது பாதிகூட நிறையவில்லை.