150-600 லென்ஸ், நான்கு சீசன், முழங்கை வரை சேறு

கேளம்பாக்கம் உப்பங்கழி, கோவளம் கழிமுகம், பள்ளிக்கரணை. அக்டோபர் பிறந்தால் மார்ச் வரை, கரைப்பறவைகளைப் படமெடுக்க, சென்னைப் பக்கம் இந்த மூன்று இடங்களைத்தான் சுற்றிக்கொண்டிருக்கிறேன். கையில் ஏபிஎஸ்-சி (ஃபுல் ஃப்ரேமைவிடச் சிறிய சென்சார்) கேமரா, 150-600 மி.மீ. ஜூம். 600-ல் லென்ஸின் துளையை முழுசாகத் திறந்து எஃப்/6.3 வைத்தால் பின்னணி தானாகக் கரைந்துவிடும் என்று நம்பித்தான் வாங்கினேன். கரையவில்லை.

சேற்றில் இரை தேடும் இந்த உள்ளான்கள் சேற்றின் நிறம். சுற்றிலும் கிளிஞ்சல், காய்ந்த பாசி, கோரைத் தட்டை. நின்றுகொண்டு எடுத்தால் பறவைக்குப் பின்னால் தெரிவதெல்லாம் ஒரு மீட்டருக்குள் இருக்கும் தரைதான். பத்து மீட்டரில் கூர்மையாக விழும் ஆழம் ஏழு சென்டிமீட்டர் அளவுக்குத்தான் இருக்கும். ஆனாலும் ஓரடி பின்னால் கிடக்கும் கிளிஞ்சல் முழுசாக மங்காமல் அரைகுறையாகப் பல்லை இளிக்கும். முதல் வருடப் படங்களில் கொசு உள்ளானைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

மாற்றம் வந்தது லென்ஸால் இல்லை, குப்புறப் படுத்ததால். லென்ஸ் பறவையின் கண் மட்டத்துக்கு இறங்கியதும், பின்னணி நாற்பது மீட்டர் தள்ளியிருக்கும் தண்ணீராக மாறிவிடுகிறது. அதே லென்ஸ், அதே எஃப்/6.3, மங்கல் மட்டும் அந்தக் கிளிஞ்சலைவிட இருபது மடங்குக்கு மேல். அசையாமல் கிடந்தால் பட்டாணி உப்புக்கொத்தி தானே ஓடி ஓடி நின்று கிட்டே வரும், துரத்தினால் போச்சு. வலை உலர்த்த வந்த பெரியவர் ஒருவர், "என்ன தம்பி, எதையாவது தொலைச்சிட்டியா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

ட்ரைபாட் சேற்றில் உதவவில்லை. பழைய அலுமினியத் தாம்பாளத்தின் மேல் துணிப்பையை வைத்து, அதன் மேல் லென்ஸைச் சாய்த்துத் தள்ளிக்கொண்டே போகிறேன். பையில் முதலில் பாசிப்பயறு நிரப்பியிருந்தேன். நனைந்த பையை அப்படியே காரில் விட்டதில் மூன்றாம் நாள் முளைவிட்டிருந்தது. இப்போது தெர்மாகோல் மணிகள்.

ஃபோகஸைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். அகலமான ஏரியா வைத்தால் என் கேமரா பறவையை விட்டுவிட்டு முன்னால் நிற்கும் கோரையைப் பிடித்துக்கொள்ளும். ஒற்றைப் புள்ளி, அது கண்ணின் மேல். ஃபோகஸ் பின்பக்கப் பட்டனில், அதை அழுத்தியிருக்கும் வரைதான் வேலை செய்யும். பச்சைக்கால் உள்ளான் தலையைத் தண்ணீருக்குள் விடும்போது பட்டனை விட்டுவிடுவேன், இல்லையென்றால் ஃபோகஸ் அக்கரைக்கு ஓடிவிடும். ஒன்பது மணிக்கு மேல் கானல் எழுந்துவிட்டால் எந்த செட்டிங்கும் கைகொடுக்காது, இட்லிக் கடைக்குப் போய்விடலாம்.

குறை என்றால் மணல். ஜூமை நீட்டும்போதெல்லாம் குழல் வெளியே வருகிறது, இரண்டாம் சீசன் முடிவில் வளையம் நறநறவென்றது. சர்வீஸுக்குக் கொடுத்ததில் மூன்று வாரம் போனது, அதுவும் ஜனவரியில். அதற்கப்புறம் 600-லேயே பூட்டி வைத்துவிடுகிறேன்.

பள்ளிக்கரணையில் சாலையோரம் நின்றுதான் எடுக்க முடிகிறது, படுக்க வழியில்லை. அங்கே நெடுங்கால் உள்ளானின் சிவப்புக் கால் மட்டும்தான் கோரைக்கு எதிரே எடுபடுகிறது. பொரி உள்ளானுக்கு அங்கே முயல்வதையே விட்டுவிட்டேன்.

எல்லாப் பின்னணியையும் கரைக்க வேண்டும் என்ற வெறியும் இப்போது குறைந்திருக்கிறது. போன பிப்ரவரியில் சிப்பி அப்பிய பாறையில் ஒரு கல்திருப்பி உள்ளான். துளையைச் சுருக்கி எஃப்/11 வைத்து, பாறை, சிப்பி, பாசி எல்லாம் தெரியும்படி எடுத்தேன். நான்கு வருடத்தில் எனக்கு மிகவும் பிடித்த படம் அதுதான். பெரிதாக அச்சிட்டு கூடத்தில் மாட்டியதும் அம்மா கேட்டார்: "இதுல பறவை எங்கடா?"