சிங்கப்பூர் வரை தள்ளிக்கொண்டு போன ஸ்ட்ரோலர்: எட்டாயிரம் ரூபாய்க்குத் தகுமா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எங்கள் ஊர் கோபிசெட்டிபாளையம் மாதிரி இடத்தில் மட்டும் ஓட்டுவதற்கு இந்த ஸ்ட்ரோலரை, அதாவது குழந்தையை உட்காரவைத்துத் தள்ளும் வண்டியை, வாங்குவதாக இருந்தால் வாங்காதீர்கள். எங்கள் வீட்டில் நான்கு மாதம் இது திண்ணையில் நின்று துணி காயப்போடத்தான் உதவியது. அதே வண்டி சிங்கப்பூரில் ஐந்து நாள் எங்கள் முதுகைக் காப்பாற்றியது என்பதும் உண்மை.

கோவையில் ஒரு கடையில் 8,600 ரூபாய்க்கு வாங்கினோம். கம்பெனி பெயர் போடவில்லை, ஏனென்றால் இதே வடிவத்தை ஏழெட்டுப் பெயரில் விற்கிறார்கள், நல்லதும் கெட்டதும் எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான். மடித்தால் சின்ன சூட்கேஸ் அளவுக்கு வரும் ரகம், எடை ஆறு கிலோ, 15 கிலோ குழந்தை வரை தாங்கும் என்று போட்டிருக்கிறது. சிங்கப்பூர் போனபோது பாப்பாவுக்கு ஒரு வயது பத்து மாதம், 11 கிலோ. சக்கரங்கள் டீ டம்ளர் அகலம்தான். எங்கள் தெருவில் ஜல்லியும் சாக்கடை மூடியும் குறுக்கே நிறுத்திய பைக்கும் தாண்டி அதைத் தள்ளிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை ஒரு தடவை போனேன், திரும்பும்போது பாப்பா என் இடுப்பில், வண்டி என் தோளில். அத்தை வாசலிலேயே கேட்டார்: "ஏங்கண்ணு, புள்ளைய இடுப்புல வெச்சுட்டுப் போனா ஆவாதா? இதுக்கா எட்டாயிரத்துச் சொச்சம்?" பதில் இல்லை எனக்கு.

அப்புறம்தான் சிங்கப்பூர் முடிவானது. கோவையிலிருந்து ஸ்கூட் விமானம் நேரடியாகப் போகிறது, நாலரை மணி நேரத்துக்குள் அங்கே, சென்னைக்கு ரயிலில் போவதைவிடக் குறைவு. நான், வீட்டுக்காரர், அத்தை, பாப்பா. இரண்டு வயது முடியாததால் பாப்பா மடியில்தான், தனி சீட் கிடையாது. இந்த யோசனையில் இருப்பவர்கள் திரும்பி வரும் தேதியும் இரண்டாவது பிறந்தநாளுக்கு முன்னால் விழுகிற மாதிரி பார்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அதற்கும் ஒரு சீட் எடுக்க வேண்டும். மடிக் குழந்தையானாலும் பாஸ்போர்ட், விசா, வருகை அட்டை எல்லாம் தனித்தனியாக வேண்டும். வருகை அட்டையைச் சிங்கப்பூர் அரசாங்கத் தளத்தில் நிரப்புவது இலவசம், காசு கேட்கும் தளங்களை மூடிவிடுங்கள்.

விமானக் கதவு வரை ஸ்ட்ரோலரைத் தள்ளிக்கொண்டு போக விட்டார்கள், அங்கே மடித்துக் கொடுத்தோம். இந்த இடத்தில்தான் முதல் பொய் வெளுத்தது. "ஒரே கையால் மடிக்கலாம்" என்று பெட்டியில் படம் போட்டிருக்கிறது. கைப்பிடியில் உள்ள பொத்தானை ஒதுக்கி, அழுத்தி, அதே நேரத்தில் முன்னால் தள்ள வேண்டும். அதற்கு இரண்டு கை வேண்டும், பாப்பாவைப் பிடிக்க இன்னொரு ஆள் வேண்டும், பின்னால் வரிசையில் நிற்பவர்களுக்குப் பொறுமையும் வேண்டும். மூன்றாம் நாள்தான் எனக்குப் பிடிபட்டது.

சாங்கி விமான நிலையத்தில் இறங்கி நேராக மெட்ரோ. அங்கே அதை எம்ஆர்டி என்கிறார்கள். எக்ஸ்போ ஸ்டேஷனில் மாறி, டவுன்டவுன் லைனில் லிட்டில் இந்தியா வரை ஒரு படிகூட ஏறவில்லை. எல்லா இடத்திலும் லிஃப்ட், டிக்கெட் கேட்டில் அகலமான வழி தனியாக. 90 சென்டிமீட்டருக்குக் குறைந்த குழந்தைக்கு டிக்கெட் கிடையாது. அறிவிப்புப் பலகைகளில் தமிழும் இருப்பதால் அத்தை ஒவ்வொன்றாகச் சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தார். பஸ்ஸிலும் 2017இலிருந்து மடிக்காமலே ஏற்றலாம், குழந்தை தூங்கினால் தூங்கியபடியே. ஆனால் ரயிலுக்குள் சாப்பிடக் கூடாது, குடிக்கவும் கூடாது, 500 சிங்கப்பூர் டாலர் வரை அபராதம். இன்றைய கணக்கில் முப்பதாயிரத்துக்கு மேல். பாப்பா முறுக்குக் கேட்டு அழுதபோது அத்தையின் கை பைக்குள் போனது, நான் பிடித்து நிறுத்தினேன்.

டாக்ஸி விஷயம் ஒன்று. அங்கே சின்னக் குழந்தைக்குக் காரில் குழந்தை இருக்கை கட்டாயம், டாக்ஸிக்கு மட்டும் விலக்கு உண்டு. ஆப்பில் வரும் தனியார் காருக்கு அந்த விலக்கு இல்லை, அதனால் இருக்கை உள்ள வண்டியாகக் கேட்டு எடுக்க வேண்டும். எங்களுக்கு இரண்டு தடவைதான் டாக்ஸி தேவைப்பட்டது.

வண்டி திணறிய ஒரே இடம் லிட்டில் இந்தியாதான். சிராங்கூன் ரோட்டில் பழைய கடைகளுக்கு முன்னால் கூரை போட்ட நடைபாதை இருக்கிறது, ஐந்தடிப் பாதை என்பார்கள். ஒரு கடையின் தரை ஒரு மட்டம், அடுத்த கடையின் தரை அரை அடி மேலே, நடுவில் பூக்கூடை, வாழைத்தார், பெட்டி. நம்ம ஊர்க் கடைவீதி வாசனையோடு நம்ம ஊர்ச் சிரமமும் வந்துவிட்டது. வீரமாகாளியம்மன் கோயில் வரை வீட்டுக்காரர் முன்பக்கமும் நான் பின்பக்கமும் பிடித்து, பாப்பாவைப் பல்லக்கு மாதிரி தூக்கிக்கொண்டு போனோம். அவளுக்கு அதுதான் பயணத்திலேயே பிடித்த சவாரி.

அன்று மதியம் தேக்கா சென்டரில் இடியாப்பம் வாங்கி உட்கார்ந்தோம். கைப்பிடியில் பை மாட்டியிருந்தேன், உள்ளே பால் ஃபிளாஸ்க், டயப்பர், அத்தை ஊரிலிருந்து கட்டிக்கொண்டு வந்த அரிசிம்பருப்புப் பொட்டலம். பாப்பாவைத் தூக்கிய அடுத்த நொடி வண்டி மல்லாக்க விழுந்தது, ஃபிளாஸ்க் மூடி திறந்து பால் பக்கத்து மேசை வரை ஓடியது. பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த சீனப் பாட்டி ஒன்றும் சொல்லாமல் தன் டிஷ்யூ கட்டை முழுசாக நீட்டினார். எடை குறைந்த வண்டி எல்லாவற்றுக்கும் இந்தக் குறை உண்டு. பையை மாட்டினால் முதலில் பையைக் கழற்றுங்கள், பிறகு குழந்தையைத் தூக்குங்கள். கீழே உள்ள கூடை இரண்டு டயப்பருக்கும் ஒரு தண்ணீர் பாட்டிலுக்கும் மேல் கொள்ளாது.

பிரேக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். போட, காலால் மிதித்தால் போதும். எடுக்க, கால் விரலைக் கீழே விட்டு மேலே நெம்ப வேண்டும். செருப்புக் காலோடு நெம்பினால் நகம் பெயரும், எனக்கு வலது கட்டைவிரல் இன்னும் கறுப்பாக இருக்கிறது. ஷூ போட்டு நடப்பவர்கள் யாரோ செய்த வண்டி இது.

சாய்வு மட்டும் அருமை. முழுக்கப் படுக்காது, ஆனால் தூங்கும் அளவுக்குச் சாயும். மண்டாய் விலங்குப் பூங்காவுக்கு ஆளுக்கு மூவாயிரத்துக்கு மேல் கொடுத்துப் போனோம் (மூன்று வயதுக்குள் இலவசம்). தலைக்கு மேல் கயிற்றில் ஒராங்குட்டான் போகிறது, மேடம் நல்ல தூக்கம். எழுந்ததும் நடைபாதையில் ஒரு மைனாவைப் பார்த்து அரை மணி நேரம் கைதட்டினாள். மைனா கோபியில் இலவசமாகவே கிடைக்கிறது.

அதைவிட கார்டன்ஸ் பை த பே பூங்காவில் உள்ள குழந்தைகள் தோட்டம் எவ்வளவோ மேல். கட்டணம் இல்லை, சின்னக் குழந்தைகளுக்குத் தனியாகத் தண்ணீர் விளையாட்டு, மாற்றுத் துணி மட்டும் கொண்டு போங்கள், திங்கள்கிழமை போகாதீர்கள், மூடியிருக்கும். அங்கிருந்தே ராத்திரி 7:45க்கு மரம் மாதிரி எழுப்பிய சூப்பர்ட்ரீ கோபுரங்களில் விளக்குக் காட்சி, அதற்கும் காசு இல்லை. அங்கே நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் என்பதால் பாப்பாவுக்கு அது சாயங்காலம் ஐந்தேகால், நல்ல தெம்பாக இருந்தாள். ஐந்து நாளுக்காகத் தூக்க நேரத்தை மாற்றப் போராடாதீர்கள். ராத்திரி பதினொன்றரைக்குத் தூங்கிக் காலை ஒன்பதுக்கு எழட்டும், ஊர் அதற்குத் தோதாகத்தான் இருக்கிறது.

மழைதான் மிச்சம். மதியத்தில் திடீரென்று கொட்டும். வண்டியின் குடை மூக்கு வரைக்கும்தான், மழை உறை தனியாக 900 ரூபாய் என்று நான் வாங்கவில்லை, அத்தையின் துண்டுதான் உறை. நல்லவேளையாக ஸ்டேஷனிலிருந்து பஸ் ஸ்டாப் வரை பல இடங்களில் கூரை போட்ட பாதை இருந்தது.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன், அதில் இரண்டு அந்த ஊர் நடைபாதைக்கு. புதிதாக வாங்காமல் யாரிடமாவது இருந்தால் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள். எங்கள் வண்டி போன வாரம் எதிர் வீட்டு அக்காவோடு மலேசியா கிளம்பிவிட்டது. இடது முன் சக்கரம் கீச்சென்று சத்தம் போடும், தேங்காய் எண்ணெய் ரெண்டு சொட்டு விடுங்கக்கா என்று சொல்லித்தான் கொடுத்தேன்.