'புட் பேக்' என்றால் 'பின்னால் போடு'வாம்: இங்கிலீஷ் ஆப்போடு இருபது மாதம்

ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த தம்பி நேற்று சாப்பாட்டு நேரத்தில் போனை நீட்டினான். "அக்கா, நீங்க ட்ரெயின்ல வச்சுப் பார்ப்பீங்களே அந்த இங்கிலீஷ் ஆப், நியூ இயர் ஆஃபர்ல வருஷத்துக்கு 899 ரூபாதானாம். வாங்கலாமா?" நான் 2023 மே மாதம் அதே சந்தாவுக்கு 2,399 கட்டியவள். சோறு தொண்டையில் நின்றது. "அப்புறம் சொல்றேன்டா" என்று சொல்லிவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன்.

ஆப்பின் பெயர் வேண்டாம். இடியம் என்கிற மரபுத்தொடர், ஃப்ரேசல் வெர்ப் (வினைச்சொல்லோடு 'பேக்', 'ஆஃப்' மாதிரி ஒரு குட்டி வார்த்தை ஒட்டி அர்த்தமே மாறிப்போவது), அன்றாட வார்த்தை சொல்லித் தருகிற ஆப் எல்லாம் ஏறக்குறைய ஒரே அச்சுதான். உங்கள் போனிலும் ஒன்று தூங்கிக்கொண்டிருக்கும்.

நான் ஏன் வாங்கினேன் என்பதைச் சொன்னால்தான் என் கோபம் புரியும். பாரிமுனையில், ஏற்றுமதி இறக்குமதிச் சரக்கை அனுப்பி வைக்கிற ஒரு கிளியரிங் அண்ட் ஃபார்வர்டிங் கம்பெனியில் டாக்குமென்டேஷன் பார்க்கிறேன். படித்தது தமிழ் மீடியம், அப்புறம் பி.காம். "ப்ளீஸ் டூ தி நீட்ஃபுல்", "கைண்ட்லி ரிவர்ட்" என்று மெயில் தட்டுவதில் எனக்கு ஒரு குறையும் கிடையாது. ஒரு நாள் வெளிநாட்டு ஏஜென்ட் எங்கள் கண்டெய்னரின் கட்-ஆஃப், அதாவது துறைமுகத்தில் ஒப்படைக்க வேண்டிய கடைசி நேரம் பற்றி ஒரே வரி அனுப்பினார்: "இட்ஸ் பீன் புட் பேக் டு தர்ஸ்டே." புட் என்றால் வை. பேக் என்றால் திரும்ப. கண்டெய்னரைத் திரும்பக் கொண்டுபோய் வைக்கச் சொல்கிறார், வியாழக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று நானாகப் படித்துக்கொண்டேன். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் ட்ரெய்லர் வரிசையில் பாதி தூரம் நகர்ந்திருந்த வண்டியை, டிரைவர் திட்டத் திட்ட, மாதவரம் குடோனுக்கே திருப்பச் சொன்னேன். அந்த மனிதர் சொன்னது கட்-ஆஃப் வியாழனுக்குத் தள்ளிப்போயிருக்கிறது, அவசரமில்லை என்பது மட்டும்தான். வண்டி வாடகை இரட்டிப்பு. மேனேஜர் ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. அன்று சாயங்காலம் பீச் ஸ்டேஷனில் வண்டி கிளம்புவதற்குள் பணம் கட்டி ஆப்பை இறக்கிவிட்டேன்.

ஆகவே இருபது மாதத்தில் நான் இந்த ஆப்பிடம் எதிர்பார்த்தது இரண்டே இரண்டு வார்த்தை. புட் பேக். அது வந்தது கிட்டத்தட்ட 190ஆவது நாள். அட்டையைத் திருப்பினேன். தமிழ் அர்த்தம்: "பின்னால் போடு."

சிரிப்பதா அழுவதா? இதைத்தானே நானே காசு செலவில்லாமல் செய்து வண்டி வாடகையைத் தண்டம் அழுதேன்!

எல்லாமே இப்படித்தான். 'புட் அப் வித்' என்றால் "உடன் மேலே போடு". பொறுத்துக்கொள், சகித்துக்கொள் என்று நம்மிடம் வார்த்தைக்கா பஞ்சம்? 'பீட் அரவுண்ட் தி புஷ்' "புதரைச் சுற்றி அடி" ஆகியிருக்கிறது. சுற்றி வளைத்துப் பேசாதே என்று தினமும் யாரையாவது நாம் சொல்லிக்கொண்டுதானே இருக்கிறோம்? 'பீஸ் ஆஃப் கேக்' வெறும் "கேக் துண்டு". அல்வா சாப்பிடுகிற மாதிரி என்று ஒரு தமிழ் ஆளிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். 'தி கேட் இஸ் அவுட் ஆஃப் தி பேக்' என்பதற்குப் போட்ட 'பூனைக்குட்டி வெளியே வந்துவிட்டது' மட்டும் எப்படியோ சரியாக அமைந்துவிட்டது. அதுவும் இவர்கள் சாமர்த்தியம் இல்லை, நம் பத்திரிகைக்காரர்கள் அந்தப் பூனையை எப்போதோ தமிழில் வளர்க்க ஆரம்பித்துவிட்டார்கள். தப்பு என்று தெரிவிக்க ஒரு கொடி பட்டன் உண்டு. நாற்பது முறையாவது அழுத்தியிருப்பேன். "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று வரும். அர்த்தம் மாறாது.

சரி, நியாயமாகப் பேசுவோம். திட்டிக்கொண்டே இருபது மாதம் ஏன் வைத்திருந்தேன்?

காதுக்காக. ஒவ்வொரு வார்த்தைக்கும் நாலைந்து பேர் பேசுகிற சின்னச் சின்ன ஒலித்துண்டு இருக்கிறது, ஒரு வார்த்தையை மட்டும் விழுங்கிவிட்டு. அதை நாம் நிரப்ப வேண்டும். தப்பு செய்தால் நாளைக்கே திரும்ப வரும். சரியாகச் சொன்னால் ஒரு வாரம் கழித்து, பிறகு ஒரு மாதம் கழித்து. குரோம்பேட்டைக்கும் பீச்சுக்கும் நடுவே காதில் இயர்போனோடு இதையே கேட்டதில், யாரும் இலக்கணம் சொல்லாமலே ஒன்று உள்ளே இறங்கிவிட்டது. மீட்டிங்கைத் தள்ளிப்போடு என்பதற்கு 'புட் ஆஃப் தி மீட்டிங்' என்றும் சொல்லலாம், 'புட் தி மீட்டிங் ஆஃப்' என்றும் சொல்லலாம். ஆனால் மீட்டிங்குக்குப் பதில் 'இட்' வந்தால் நடுவில்தான் உட்காரும்: 'புட் இட் ஆஃப்'. 'புட் ஆஃப் இட்' என்று கேட்டால் இப்போது எனக்குச் சோற்றில் கல் கடிபட்ட மாதிரி இருக்கிறது. அதே சமயம் 'லுக் ஆஃப்டர் ஹிம்' பிரியவே பிரியாது. பத்தாவது படிக்கிற என் மகன் "டர்ன் ஆஃப் இட்" என்றபோது "டர்ன் இட் ஆஃப்டா" என்று அடுப்படியிலிருந்து திருத்தினேன். அவன் முகம் போன போக்குக்கே 2,399 கொடுக்கலாம்.

பேசிக்காட்டும் பயிற்சி மட்டும் ரயிலில் எடுபடாது. பல்லாவரத்தில் ஏறும் சமோசாக்காரர் குரலை என்னுடையதாக நினைத்து "கிரேட் ஜாப்" கொடுத்திருக்கிறது.

'பாஸ் அவுட்' விஷயத்திலும் ஆப்புக்கு நன்றி சொல்ல வேண்டும். காலேஜை முடித்ததை நாமெல்லாம் பாஸ் அவுட் என்கிறோம். அங்கே அதற்கு மயங்கி விழுவது என்று அர்த்தம். இத்தனை வருடம் பயோடேட்டாவில் 1999ஆம் ஆண்டு மயங்கி விழுந்தேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் 'போஸ்ட்போன்' என்பதற்கு எதிராக, தேதியை முன்னால் கொண்டுவருவதற்கு 'ப்ரீபோன்' என்று எழுதினால் சிவப்புக் கோடு போடுகிறதே, அது அநியாயம். நம் ஊர் ஆபீஸ்களில் பழகிய அந்த வார்த்தைக்கு ஆக்ஸ்ஃபோர்டு அகராதியே இடம் கொடுத்துவிட்டது.

'தினம் ஒரு இடியம்' என்று காலை ஏழு மணிக்கு ஒன்று வரும். மழை வந்தால் நாயும் பூனையுமாகப் பெய்யும், 'ரெய்னிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்'. ஜோனதன் ஸ்விஃப்ட் 1738இல் எழுதிவைத்த தொடராம் அது. இந்த இருபது மாதத்தில் ஒரு வெள்ளைக்காரர் மெயிலிலும் நான் பார்த்ததில்லை. அவர்கள் எழுதுவதெல்லாம் 'ஃபாலோ அப்', 'சார்ட் அவுட்', 'ஹோல்ட் அப்', 'ரோல் ஓவர்'தான். வார்த்தைக் கணக்கும் அப்படித்தான்: பத்தாயிரம் தருகிறோம் என்று தம்பட்டம். ஒரு காலத்தில் டாக்காவில் கல்விப் பணியில் இருந்த மைக்கேல் வெஸ்ட், புழக்கத்தில் அதிகம் வருகிறவை என்று 1953இல் பொறுக்கிக் கொடுத்த பட்டியலில் சுமார் இரண்டாயிரம் வார்த்தைதான் இருந்தது. என் மெயில்பெட்டிக்கு அதுவே தாராளம்.

எனக்கு உண்மையில் மண்டையில் பல்பு எரிந்தது ஆப்பால் அல்ல. ஒடிசாவிலிருந்து வந்து ஆபரேஷன்ஸில் இருக்கும் பையன் ஒரு நாள் என்னிடம் கேட்டான்: "மேடம், மேனேஜர்கிட்ட என்னைப் போட்டுக் குடுத்துட்டாங்கன்னு சொல்றாங்க. என்ன போட்டாங்க? என்ன குடுத்தாங்க?" விளக்க வாயைத் திறந்தேன், வரவில்லை. போட்டுக் கொடுப்பது வேறு, போட்டு வாங்குவது வேறு, போட்டுத் தள்ளுவது அடியோடு வேறு. போடு என்ற ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு நாம் செய்யாத அழிச்சாட்டியம் இல்லை. விட்டுக் கொடு, விட்டுப் பிடி என்று 'விடு'வும் அப்படியே. புட் ஆஃப், புட் அவுட், புட் டவுன் எல்லாம் அவர்கள் வீட்டுப் போடு! அன்றிலிருந்து ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கி, ஆப் தரும் ஒவ்வொரு ஃப்ரேசல் வெர்ப்புக்கும் பக்கத்தில் நானே தமிழ் எழுத ஆரம்பித்தேன். புட் பேக்: தள்ளிப்போடு. கால் ஆஃப்: கைவிடு. லுக் டவுன் ஆன்: இளக்காரமாகப் பார். நோட்டு இப்போது 140 பக்கம்.

இன்னொரு எரிச்சல். ஒரு நாள் விட்டாலும் தொடர் நாள் கணக்கு பூஜ்யம். 2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல். தெருவில் முழங்கால் தண்ணீர், கரண்ட் இல்லை, டவர் இல்லை. மூன்று நாள் கழித்து போன் உயிர் வந்ததும் பால்காரர், என் கூடப்பிறந்த தம்பி, ஆபீஸ் எல்லோருக்கும் முன்னால் வந்த செய்தி, 214 நாள் கணக்கு போய்விட்டது என்பதுதான். கூடவே அன்றைய இடியம்: 'சேவ் ஃபார் எ ரெய்னி டே', மழை நாளுக்குச் சேர்த்து வையாம். போனைச் சுவரில் அடிக்காமல் விட்டது என் பொறுமை.

தம்பிக்கு என் பதில்: வாங்காதே. 899 ரூபாய்க்கு 140 பக்கத்தையும் ஜெராக்ஸ் போட்டு, மிச்சத்தில் ஒரு மாதத்துக்கு மேல் டீ குடிக்கலாம். தமிழ் மட்டும் தெரிந்தவனுக்கு இந்த ஆப் ஆபத்து.

இன்று காலை இதை அவனிடம் சொன்னேன். கேட்டுவிட்டு என் போனை எட்டிப் பார்த்தான். "அப்புறம் நீங்க மட்டும் ஏன்க்கா ஆஃபர்ல இன்னொரு வருஷம் போட்டிருக்கீங்க?"

"391 நாள் ஆகுதுடா இன்னைக்கு," என்றேன்.