‘அல்லது அதற்கு நிகரான விடுதி’: ஃபின்ஷ்காவ் சைக்கிள் பயணத்தில் நாங்கள் ஏமாந்த கதை

ஆகஸ்ட் 14, இரவு ஏழரை மணி. குளூர்ன்ஸ் நகரத்தின் மதில் வாசலுக்குள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நுழைந்தோம். கால் இரண்டும் கட்டையாகிவிட்டிருந்தது. விடுதியின் வரவேற்பு மேசையில் இருந்த அம்மா பதிவேட்டை இரண்டு முறை புரட்டிப் பார்த்துவிட்டு, “உங்கள் பெயரில் அறை எதுவும் இல்லையே” என்றார். அடுத்த அரை மணி நேரத்தில் எனக்குப் புரிந்த விஷயங்களை, ஐந்து மாதம் முன்பு, பணம் கட்டும்போதே புரிந்துகொண்டிருக்க வேண்டும்.

நாங்கள் இருப்பது மியூனிக்கில். ஆகஸ்ட் 15 இங்கே விடுமுறை. அதோடு இரண்டு நாள் லீவு போட்டு, தெற்கு டிரோலில் இருக்கும் ஃபின்ஷ்காவ் பள்ளத்தாக்கில் சைக்கிள் ஓட்டலாம் என்று மனைவியும் நானும் முடிவு செய்தோம். வடக்கு இத்தாலி, ஆனால் பேச்சு பெரும்பாலும் ஜெர்மன். ஆஸ்திரிய எல்லைக்குப் பக்கத்தில் சுமார் 1500 மீட்டர் உயரத்தில் உள்ள ரெஷெனில் தொடங்கி, எட்ஷ் ஆற்றோரமாகவே இறங்கி, 325 மீட்டரில் இருக்கும் மெரான் நகரத்தில் முடியும் பாதை. கிட்டத்தட்ட 80 கிலோமீட்டர். பெரும்பகுதி கார் வராத தனிப் பாதை. ரோமானியர்கள் போட்ட வியா கிளாவுடியா அகுஸ்தா சாலையும் இதே பள்ளத்தாக்கு வழியாகத்தான் போனது. பேரரசர் கிளாவுடியஸ் காலத்தில், கி.பி. 46–47இல் முடித்தார்கள். இந்தச் சைக்கிள் பாதை, மலை ஏறத் தெரியாத எங்களைப் போன்றவர்களுக்கென்றே செய்து வைத்தது போல இருக்கும்.

எல்லாவற்றையும் நாமே பார்த்துப் பார்த்து ஏற்பாடு செய்வானேன் என்று, ஆன்லைனில் கிடைத்த ஒரு சைக்கிள் சுற்றுலா நிறுவனத்தில் பதிவு செய்தேன். பெயரைப் போடப் போவதில்லை. வக்கீல் நோட்டீஸ் வாங்கும் ஆசை எனக்கு இல்லை. இரண்டு பேருக்கு மூன்று இரவு, 1360 யூரோ. மெரானில் சைக்கிள் தருவார்கள். வேனில் ஏற்றி ரெஷெனில் இறக்குவார்கள். முதல் இரவு குளூர்ன்ஸில் ‘மதிலுக்குள் அமைந்த பாரம்பரிய விடுதி’. அப்புறம் ஷ்லாண்டெர்ஸ், அப்புறம் நாட்டுர்ன்ஸ். பெட்டிகளை அவர்களே அடுத்த விடுதிக்குக் கொண்டுபோய் வைப்பார்கள். இருபத்துநாலு மணி நேர உதவி எண் உண்டு. படிக்கவே சுகமாக இருந்தது.

மெரானில் முதல் சறுக்கல். சைக்கிள் ‘புதியது’ என்று எழுதியிருந்தார்கள். வந்தவற்றில் என்னுடையது சுமார், மனைவியுடையது மோசம். பின் பிரேக்கைப் பிடித்தால் கிரீச்சென்று கத்தியதே தவிர வண்டி நிற்கவில்லை. பிரேக் கட்டையைப் பார்த்தால் ரப்பர் இருந்த அடையாளம்தான் இருந்தது. சைக்கிள் கொடுத்த பையனிடம் சொன்னேன். “முழுக்க இறக்கம்தானே சார், கஷ்டமே இருக்காது” என்றான். இறக்கத்துக்குத்தானே ஐயா பிரேக் வேண்டும்! ஆனால் வேன் கிளம்பத் தயாராக நின்றது, பின்னால் ஆறு பேர் காத்திருந்தார்கள். கிரெடிட் கார்டில் 500 யூரோ முன்பணம் பிடித்துக்கொண்டு ஒரு தாளில் கையெழுத்து கேட்டான். போட்டேன். சைக்கிளை ஒரு படம்கூட எடுக்கவில்லை. இந்தப் பயணத்தில் நான் செய்த பெரிய தப்பு அதுதான்.

வேன் ரெஷெனுக்குப் போகவில்லை. பதினொரு மணிக்கு மால்ஸ் ரயில் நிலையத்தில் நிறுத்தி எல்லோரையும் இறக்கிவிட்டார் ஓட்டுநர். மேலே விடுமுறைக் கூட்டம், சாலை நெரிசல், இன்றைக்கு இவ்வளவுதான் என்றார். மால்ஸ் ஏறக்குறைய 1050 மீட்டர். ரெஷென் ஏரி அங்கிருந்து 450 மீட்டர் மேலே. சைக்கிளில் 20 கிலோமீட்டர் ஏற்றம். “குளூர்ன்ஸ் கீழே மூணு கிலோமீட்டர்தானே, நேரா அங்கேயே போயிடலாங்க” என்றாள் மனைவி. அவள் சொன்னதுதான் புத்திசாலித்தனம். எனக்குத்தான் வீம்பு: காசு கொடுத்தது ரெஷெனுக்கு, ரெஷெனைப் பார்க்காமல் விடுவதா!

மால்ஸுக்கு மேலே இருப்பது மால்ஸர் ஹைடே என்ற பெரிய மண்சரிவு மேடு. பக்கத்து ஓடைகள் ஆயிரமாயிரம் ஆண்டாக அடித்து வந்து கொட்டிய மண்ணும் கல்லும். காற்றுக்குப் பேர்போன இடம்; மரங்களே ஒரு பக்கம் சாய்ந்து வளர்ந்திருக்கும். பூர்கைஸ் கிராமத்துக்கு மேலே மரியன்பெர்க் மடம் வெள்ளையாகத் தெரியும். 1340 மீட்டரில் இருக்கிறது, ஐரோப்பாவிலேயே மிக உயரத்தில் உள்ள பெனடிக்டின் (கத்தோலிக்கத் துறவிகளின்) மடம். நின்று ரசிக்கிறோம் என்ற பெயரில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மூச்சு வாங்கினோம். அன்று அந்த மடத்தைப் பார்த்த அளவுக்கு என் வாழ்நாளில் எந்தக் கட்டடத்தையும் பார்த்ததில்லை.

மூன்றரை மணிக்கு ஏரிக்கரையில் இருக்கும் கிரவுன் என்ற ஊர் வந்தது. தண்ணீருக்கு நடுவே தனியாக நிற்கும் அந்த மணிக்கூண்டை எல்லோரும் படத்தில் பார்த்திருப்பீர்கள். 14ஆம் நூற்றாண்டுக் கோபுரம். 1950இல் மின்சாரத்துக்காக அணை கட்டி ஏரியை உயர்த்தியபோது கிரவுன் ஊரும் ரெஷெனில் ஒரு பகுதியும் முழுகிப்போயின. 163 வீடுகள். நீர்மட்டத்தை எவ்வளவு உயர்த்தப் போகிறோம் என்ற அறிவிப்பை, ஜெர்மன் பேசும் அந்த மக்களுக்கு இத்தாலிய மொழியில் ஒட்டியிருக்கிறார்கள். அதோடு என் சங்கடத்தை ஒப்பிட வெட்கமாக இருக்கிறது. ஆனால் அன்று இரவு நிறுவனம் தந்த வவுச்சரின் பொடி எழுத்தைப் படித்தபோது அந்த அறிவிப்புப் பலகைதான் ஞாபகம் வந்தது.

திரும்பி இறங்கியது திகில். மனைவிக்கு என் சைக்கிளைக் கொடுத்துவிட்டு, கிரீச் வண்டியை நான் ஓட்டினேன். முன் பிரேக்கை மட்டும் நம்பி, கால் தரையில் தேய, ஊர்ந்து ஊர்ந்து வந்தேன். நாலு வயதுப் பிள்ளை ஒன்று அப்பாவின் பின்னால் என்னை முந்திக்கொண்டு போனது.

இப்படித்தான் ஏழரை மணிக்குக் குளூர்ன்ஸ் வந்து சேர்ந்தோம். சின்ன ஊர். சுமார் 900 பேர், மூன்று வாசல், சுற்றிலும் உடையாத மதில். 1499இல் கால்வென் போரில் எரிந்துபோன ஊரைப் பேரரசர் மாக்ஸிமிலியன் காலத்தில் மறுபடி கட்டத் தொடங்கியபோது எழுந்த மதில் இது. இவ்வளவு சின்ன ஊரில், ஆகஸ்ட் 15ஐ ஒட்டி, இத்தாலி முழுவதும் விடுமுறையில் இருக்கும் வாரத்தில், எத்தனை அறை இருந்துவிடப் போகிறது? இந்தக் கணக்கை நான் போட்டிருக்க வேண்டும். நிறுவனம் போட்டிருந்தது.

உதவி எண்ணுக்கு நாலு தடவை அடித்த பிறகு ஒருவர் எடுத்தார். “உங்களுக்கு நிகரான விடுதி மாற்றியிருக்கிறோமே, மின்னஞ்சல் வரவில்லையா?” என்றார். வரவில்லை. எங்கே என்று கேட்டேன். ஒரு ஊர் பெயர் சொன்னார். வரைபடத்தில் தேடினால் பக்கவாட்டுப் பள்ளத்தாக்கில், குளூர்ன்ஸுக்கு மேலே 600 மீட்டர் உயரத்தில் இருந்தது! வவுச்சரை எடுத்துப் பார்த்தேன். விடுதிப் பெயருக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி. கடைசிப் பக்கத்தில், எறும்பு ஊர்ந்த மாதிரி, ‘அல்லது அதே பகுதியில் அதற்கு நிகரான விடுதி’. அவர்கள் அகராதியில் மலை உச்சியும் அதே பகுதிதான். டாக்ஸிக்கு 55 யூரோ, சைக்கிள்களை குளூர்ன்ஸ் விடுதி அம்மா இரக்கப்பட்டுத் தன் கொட்டகையில் வைத்துக்கொண்டார். மேலே போனால் எங்கள் பெட்டி இல்லை. அது ஒரு நாள் முன்னதாகவே ஷ்லாண்டெர்ஸுக்குப் போய்விட்டிருந்தது. வியர்வை காய்ந்த உடுப்போடு படுத்தோம். அந்த வீட்டுப் பாட்டி சுடச்சுட சூப்பில் ரொட்டி உருண்டை போட்டுக் கொடுத்தார். அவர் மேல் எந்தக் குறையும் இல்லை.

இந்தப் பெட்டிக் குழப்பத்துக்கு ஒரு காரணம் சொல்ல வேண்டும். இங்கே எல்லா ஊருக்கும் இரண்டு பெயர். குளூர்ன்ஸ்தான் குளோரென்ஸா, ஷ்லாண்டெர்ஸ்தான் சிலாந்த்ரோ, கிரவுன்தான் கூரோன், பள்ளத்தாக்கே இத்தாலியில் வால் வெனோஸ்தா. எங்கள் வவுச்சர் ஜெர்மனில், பெட்டியில் ஒட்டிய சீட்டு இத்தாலியில். சீட்டில் இருப்பது அடுத்த நாள் ஊர் என்பதை நான் கவனிக்கவே இல்லை. போகிறவர்கள் இரண்டு பெயரையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் லாஸ் என்ற ஊரில் ஒரு சைக்கிள் மெக்கானிக் எங்களைக் காப்பாற்றினார். பளிங்குக்குப் பெயர்போன ஊர். நடைபாதைகூட வெள்ளைப் பளிங்கு. அவர் சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்துவிட்டு, “கட்டை மட்டும் இல்லை, ரிம்மே தேய்ந்துவிட்டது” என்றார். ரிம்மில் பிரேக் பிடிக்கிற இடத்தில் மெல்லிய பள்ளக்கோடு ஒன்று இருக்குமாம். அது தேய்ந்து மறைந்துவிட்டால் ரிம்மின் ஆயுள் முடிந்தது என்று அர்த்தமாம். விரலால் தடவச் சொன்னார், கோடே இல்லை. பிரேக் கட்டை மாற்ற 38 யூரோ. ரசீதில் ‘பின் ரிம் முன்பே முழுதாகத் தேய்ந்துள்ளது’ என்று நான் கேட்காமலே எழுதி, தேதி போட்டு, முத்திரையும் குத்திக் கொடுத்தார். பார்த்துப் பழகியவர் போல.

அந்த இரண்டு நாளும் நன்றாகவே போயின, ஆப்பிள் தோட்டங்களுக்கு நடுவே, புது பிரேக்கோடு. டோல் என்ற ஊரிலிருந்து மெரானுக்கு வளைந்து வளைந்து இறங்கும் கடைசிப் பகுதியில் அந்த மெக்கானிக்கை மனதுக்குள் கும்பிட்டேன்.

மெரானில் சைக்கிளைத் திருப்பிக் கொடுத்து ஊர் வந்த நாலாம் நாள், கார்டில் 380 யூரோ எடுத்திருந்தார்கள். காரணம்: ‘வாடிக்கையாளரால் பின் ரிம் சேதம்’. அந்தப் பையன் அன்றைக்கே அவசரமாக வாங்கிய கையெழுத்து எதற்கென்று அப்போது புரிந்தது. ‘சைக்கிளை நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்’.

லாஸ் ரசீதை அனுப்பினேன். பதில் இல்லை. வங்கியில் கார்டு கட்டணத்தை மறுத்து மனு போட்டேன், ரசீதை இணைத்தேன். ஒன்பது வாரத்தில் 380 முழுதாகத் திரும்பியது. விடுதி, வேன் விவகாரத்துக்கு முதலில் ‘அடுத்த பயணத்தில் 60 யூரோ தள்ளுபடி’ என்றார்கள். அடுத்த பயணமா! அப்புறம்தான் சட்டத்தைப் படித்தேன். அறை, சைக்கிள், வேன் எல்லாம் சேர்த்து ஒரே விலைக்கு விற்றால் அது ஐரோப்பிய ஒன்றியத்தின் 2015/2302 எண் நெறிமுறைப்படி ‘தொகுப்புப் பயணம்’. வேன்காரர் தப்பு, விடுதிக்காரர் தப்பு என்று விற்றவர் கை கழுவ முடியாது. சொன்னது கிடைக்கவில்லை என்றால் விலையைக் குறைத்தாக வேண்டும். ஆனால் குறையை அங்கேயே, அப்போதே தெரிவித்திருக்க வேண்டும். நல்லவேளை, கோபத்தில் அன்றிரவே நீளமாக ஒரு மின்னஞ்சல் எழுதியிருந்தேன். 420 கேட்டேன், 300 வந்தது. டாக்ஸிக் காசு இன்னும் வரவில்லை.

எரிச்சல் என்னவென்றால், இதில் எதற்கும் இவர்கள் தேவையே இல்லை. மெரானுக்கும் மால்ஸுக்கும் இடையே 60 கிலோமீட்டர் ரயில் ஓடுகிறது. 1906இல் வந்தது, 1990இல் மூடினார்கள், 2005இல் மறுபடி திறந்தார்கள். மின்மயமாக்கல் வேலைக்காகச் சில பகுதிகளில் ரயிலை நிறுத்திப் பேருந்து விட்ட காலமும் உண்டு, கிளம்புமுன் பாருங்கள். ரயிலில் சைக்கிளுக்கு இடம் குறைவு, அதனால் நிலையத்துப் பக்கத்திலேயே வாடகைக்கு எடுப்பது மேல். மால்ஸிலிருந்து மேலே ரெஷெனுக்குப் பேருந்து போகிறது. பல விடுதிகள் தரும் விருந்தினர் அட்டையில் ரயிலும் பேருந்தும் அடக்கம். வாடகைக்கு எடுக்கும்போது ரிம், பிரேக் கட்டை, செயின் மூன்றையும் கடைக்காரர் முன்னாலேயே படம் எடுங்கள். முகம் சுளித்தால் சுளிக்கட்டும். தொகுப்பாகத்தான் வாங்குவீர்கள் என்றால் ‘நிகரான’ என்ற சொல்லை அடிக்கச் சொல்லுங்கள். அடிக்க மாட்டேன் என்றால் எத்தனை கிலோமீட்டருக்குள், எத்தனை மீட்டர் உயரத்துக்குள் என்று எழுதி வாங்குங்கள்.

வரும் ஜூனில் மறுபடி போகிறோம். குளூர்ன்ஸில் சைக்கிளுக்கு இடம் கொடுத்த அம்மாவுக்கு மனைவியே போன் செய்து அறை போட்டுவிட்டாள். எந்த மாடி, எந்த ஜன்னல் என்பதுவரை மின்னஞ்சலில் எழுதி வாங்கியாயிற்று.