பழைய வால் ஃபர்னஸ்: பைலட் நிக்கலைன்னா எடுத்ததும் தெர்மோகப்பிளை மாத்தாதீங்க

சான் ஃபிரான்சிஸ்கோ பே ஏரியாவுல பழைய வீடு, பழைய அபார்ட்மென்ட்ல இருக்குறவங்களுக்கு வால் ஃபர்னஸ்ங்குற இந்த கேஸ் ஹீட்டர் பழக்கமான ஐட்டம்தான். ஹால் செவுத்துக்குள்ள பதிச்சு வெச்ச உயரமான தகரப் பொட்டி, கீழ பர்னர், மேல கிரில். பர்னர பத்த வெக்க எப்பவும் எரிஞ்சிட்டிருக்குற சின்ன தீதான் பைலட், அது எரியுதான்னு பாத்துக்குற கம்பிதான் தெர்மோகப்பிள். எங்க வீட்ல இருக்குறது மணிக்கு 35,000 பி.டி.யூ (சூட்ட அளக்குற யூனிட்), ஃபேன் எல்லாம் கிடையாது, சூடான காத்து தானா மேல ஏறி ரூமுக்குள்ள வரும். வருஷக்கணக்கா இதையேதான் ஓட்டிட்டிருக்கேன், நல்ல உழைப்பாளி. ஆனா நவம்பர் குளிர் ஆரம்பிச்சதும் ஃபிரெண்ட்ஸ் யாராவது ஃபோன் பண்ணி "அண்ணா, பைலட் நிக்க மாட்டேங்குது, தெர்மோகப்பிள் போச்சாம்"னு சொல்றது வழக்கமாப் போச்சு. நான் போய் பார்த்த வரைக்கும் நிறைய வீட்ல தெர்மோகப்பிள் நல்லாத்தான் இருந்துச்சு, அதுக்கு சூடு கொடுக்குற பைலட் தீதான் சரியில்லாம இருந்துச்சு. இத விளக்கமா எழுதணும்னு ரொம்ப நாளா நெனச்சிட்டிருந்தேன்.

தெர்மோகப்பிள் விஷயம் சிம்பிள்தாங்க. ரெண்டு வேற வேற உலோகத்த ஒரு முனையில சேர்த்து அங்க சூடு காட்டினா கொஞ்சூண்டு வோல்டேஜ் வரும், 1821ல சீபெக் கண்டுபிடிச்ச சமாச்சாரம். பைலட் தீயில நிக்குற அந்த சின்ன கம்பி கிட்டத்தட்ட 30 மில்லிவோல்ட் கொடுக்கும், அந்தக் கரன்ட்தான் கேஸ் வால்வுக்குள்ள இருக்குற காந்தத்த பிடிச்சு வெச்சிருக்கு. தீ அணைஞ்சா கம்பி ஆறும், காந்தம் விட்டுடும், கேஸ் நிக்கும். பேட்டரியும் வேணாம், வீட்டு கரன்ட்டும் வேணாம். ஆளில்லாத நேரத்துல பைலட் அணைஞ்சா வீடு பூரா கேஸ் நிறையாம காப்பாத்துறது இந்த விரல் நீளக் கம்பிதான், அதனால இத பைபாஸ் பண்ணலாமான்னு யாராவது கேட்டா எனக்கு நெஜமாவே கோவம் வரும்.

சரி, பைலட் நிக்கலைன்னா முதல்ல கதவ கழட்டிட்டு கீழ உக்காந்து தீயப் பாருங்க. நல்ல பைலட் தீ நீலமா, ஆடாம, தெர்மோகப்பிள் நுனியில ஒரு சென்டிமீட்டருக்கு சுத்தி அணைச்ச மாதிரி இருக்கும், கொஞ்ச நேரத்துல நுனி மங்கலா செவக்கும். எங்க வீட்ல ஒரு சீசன் அது மஞ்சளா, சோம்பலா மேல பாத்து எரிஞ்சுது, நுனிய லேசா தொட்டும் தொடாம. பைலட்டுக்கு காத்து உள்ள போற ஓட்டையில பஞ்சு மாதிரி தூசி அடைச்சிருந்துச்சு, கம்பிளி, கார்பெட், பூனை முடி எல்லாம் சேர்ந்தது. கேஸ மூடிட்டு, எல்லாம் ஆறினப்புறம், கம்ப்ரெஸ்டு ஏர் கேன வெச்சு ஊதினேன், அவ்ளோதான், மறுபடி பத்த வெச்சதும் நீலமா நின்னுச்சு, பார்ட் எதுவும் வாங்கல. ஒண்ணு மட்டும், கேஸ் வர்ற ஆரிஃபிஸ் ஓட்டையில ஊசி விட்டு குத்தாதீங்க, ஓட்டை பெருசாயிட்டா தீயோட அளவே மாறிடும்.

தீ நல்லா இருக்கு, ஆனா பத்த வெக்கும்போது அழுத்திப் பிடிக்குற கேஸ் வால்வு நாப விட்டதும் அணையுதுன்னா அப்பத்தான் தெர்மோகப்பிள் மேல சந்தேகப்படலாம். அதுக்கு முன்னாடி நாப ஒரு நிமிஷம் முழுசா அழுத்திப் பிடிச்சீங்களான்னு பாருங்க, பத்து எண்ணிட்டு விட்டுட்டு "போச்சு"ன்னு சொல்றவங்க ஜாஸ்தி. அப்புறம் தெர்மோகப்பிளோட செப்புக் குழாய் வால்வுல போய் மாட்டுற நட்டு. அது லூஸா இருந்தாலோ முனையில அழுக்கு இருந்தாலோ மில்லிவோல்ட் அங்கயே தொலஞ்சிடும், இவ்ளோ சின்ன வோல்டேஜுக்கு லேசான துரு கூட பெரிய தடை. கழட்டி சுத்தமா தொடச்சு, கையால முறுக்கி, ஸ்பேனர்ல கால் சுத்து, போதும். பலத்த காட்டி இறுக்கினா உள்ள இருக்குற இன்சுலேஷன் நசுங்கி புதுசே கெட்டுப் போகும்.

மல்டிமீட்டர் இருந்தா, வால்வுல இருந்து கழட்டி, நாப அழுத்திப் பிடிச்சு பைலட் எரியும்போதே அளந்து பாருங்க. 25லேர்ந்து 30 மில்லிவோல்ட் வந்தா கம்பி ஓகே, 20க்கு கீழ நின்னா மாத்திடலாம். சில மாடல்ல இதுக்குப் பதிலா தடிமனா தெர்மோபைல் (பல தெர்மோகப்பிள் சேர்ந்த கட்டு) இருக்கும், அது 750 மில்லிவோல்ட் கணக்கு, ரெண்டையும் குழப்பிக்காதீங்க. மீட்டர் இல்லாதவங்களுக்கு நான் சொல்றது காது டெஸ்ட். பைலட் எரிஞ்சிட்டிருக்கும்போது லைன்ல இருக்குற கேஸ் வால்வ மூடுங்க, தீ அணையும், அப்புறம் காத வெச்சு கேளுங்க, அரை நிமிஷமோ ஒரு நிமிஷமோ கழிச்சு வால்வுக்குள்ள "டக்"னு ஒரு சத்தம் வரும், அது காந்தம் விடுற சத்தம். ரெண்டு மூணு செகண்ட்லயே டக்குன்னு விட்டா கம்பி வீக் இல்லேன்னா கனெக்‌ஷன் வீக்.

புது தெர்மோகப்பிள் பத்து இருபது டாலர்தான், செப்புக் குழாயோட சேர்த்து 18, 24, 30, 36 இஞ்ச்னு நீளத்துல கிடைக்கும், பழசோட நீளத்த அளந்துட்டு போங்க, செப்புக் குழாய மடக்கி ஒடிக்காம பெருசா சுருட்டி விடுங்க. இதுக்கு எங்களுக்கு ஒரு டெக்னீஷியன் மொத்த ஹீட்டரையும் மாத்தணும்னு ஆயிரக்கணக்குல கொட்டேஷன் கொடுத்தாரு, நட்ட தொட்டுக் கூட பாக்கல. இன்னும் அதே ஹீட்டர்தான் எரியுது.

ராத்திரி பூரா எரிஞ்சிட்டு எப்பயாவது அணையுதுன்னா அது வேற கதை. காத்தடிக்கிற அன்னிக்கு மட்டும்னா சிம்னி வழியா காத்து திரும்பி இறங்குது. மெயின் பர்னர் கொஞ்ச நேரம் ஓடினப்புறம் பைலட்டோட சேர்ந்து அணைஞ்சா புகை வெளிய போற வென்ட் குழாய செக் பண்ணுங்க, பல ஹீட்டர்ல தெர்மோகப்பிள் லைன்லயே ஒரு சேஃப்டி ஸ்விட்ச் இருக்கும், புகை வெளிய போகாம ரூமுக்குள்ள திரும்பினா அது கட் பண்ணிடும். அங்க கம்பிய மாத்திட்டே இருந்தா பணம்தான் போகும், பிரச்சனை கார்பன் மோனாக்சைடு (சி.ஓ.) விஷ வாயு. இந்த ஸ்டேஜ்ல நான் கை வெக்க மாட்டேன், ஆளக் கூப்பிடுவேன். இங்க கேஸ், கரன்ட் கொடுக்குற பி.ஜி. அண்ட் இ கம்பெனி கஸ்டமரா இருந்தா ஃப்ரீயாவே வந்து பைலட் பத்த வெச்சு சேஃப்டி செக் பண்ணிட்டு போவாங்க, கூச்சப்படாம கூப்பிடுங்க. வாடகை வீடுன்னா நீங்க ஸ்பேனரே எடுக்க வேணாம், கலிஃபோர்னியா சிவில் கோட் 1941.1 படி ஹீட்டிங்க நல்ல நிலைமையில வெச்சிருக்கறது ஓனர் பொறுப்பு.

அணைஞ்சத திரும்ப பத்த வெக்குறதுக்கு முன்னாடி அஞ்சு நிமிஷம் காத்திருங்க. கேஸ் வாசனை வந்தா லைட் ஸ்விட்ச் கூட தொடாம எல்லாரையும் கூட்டிட்டு வெளிய போய் அங்கேர்ந்து ஃபோன் பண்ணுங்க.

வெயில் காலத்துல பைலட்ட அணைக்கலாமான்னு கேப்பீங்க. மணிக்கு 600 பி.டி.யூன்னு வெச்சா மாசம் நாலு தெர்ம் (ஒரு தெர்ம்னா ஒரு லட்சம் பி.டி.யூ) கிட்ட எரியுது, அதனால நான் மே மாசம் அணைச்சிடுவேன். ஆனா அணைச்சு வெச்சா சிலந்தி உள்ள கூடு கட்டும், தூசி சேரும், அதனால குளிருக்கு முன்னாடி, அக்டோபர்லயே ஒரு சனிக்கிழமை கதவ கழட்டி ஊதி, தீயப் பாத்து, அப்படியே சி.ஓ. அலாரம் பட்டனையும் அழுத்திப் பாத்துடுவேன்.