ஸ்மாக் மட்டில் குதிரைப் போர்: சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

பலர் இணையத்தில் சேர்ந்து எழுத்திலேயே ஆடும் மட் (MUD) விளையாட்டுகளுக்குக் குதிரை புதிதல்ல. 1991-ல் கோபன்ஹேகன் பல்கலைக்கழக மாணவர்கள் வெளியிட்ட டிகுமட்டின் வழியில், 90-களிலேயே வந்த ஸ்மாக் (SMAUG) என்ற மட் மென்பொருளில் குதிரையில் ஏறவும் இறங்கவும் கட்டளைகள் உண்டு. நண்பர்கள் சிலர் சேர்ந்து நடத்தும் எங்கள் சின்ன ஆட்டம் அதன் மேல்தான் ஓடுகிறது. குதிரைச் சண்டையை நாங்களே எழுதிச் சேர்த்தோம்.

பயணத்தைப் பொறுத்தவரை ஸ்மாக்கில் குறை சொல்ல ஒன்றுமில்லை. உள்ளறைக்கு 1, காட்டுக்கு 3, குன்றுக்கு 4 என்று நடைச் சக்தி குதிரையின் கணக்கில் கழிகிறது. அது களைத்துவிட்டால் நகராது. இறங்கும்போது தடுமாறினால் கீழே விழுந்து அடிகூடப் படும்.

ஆனால் சண்டை என்று வந்துவிட்டால் குதிரை வேடிக்கை பார்க்கும். காரணம் ஸ்மாக்கின் நிரலில் இருக்கிறது. 'குதிரை மேல்' என்பது ஒரு நிலை, 'சண்டையில்' என்பது இன்னொரு நிலை. ஒரு நேரத்தில் ஒன்றுதான். சண்டை முடிந்ததும், குதிரை இருக்கிறதா என்று பார்த்துப் பழைய நிலைக்குத் திரும்பும். எனவே முதல் வேலையாக, நிலையைப் பார்க்காமல் 'இவருக்குக் குதிரை இருக்கிறதா' என்று மட்டும் கேட்கும்படி எல்லாச் சோதனைகளையும் மாற்றினோம். சலிப்பான வேலை. ஆனால் அது இல்லாமல் மற்ற எதுவும் நிற்காது.

விதிகளை 2000-ல் வந்த டி20 திறந்த விதிகளிலிருந்து எடுத்தோம். பகடை உருட்டி மேசையில் ஆடும் கதாபாத்திர விளையாட்டுகளுக்கான, யாரும் எடுத்தாளக்கூடிய விதித்தொகுப்பு அது. தரையில் நிற்பவரைக் குதிரை மேலிருந்து தாக்கினால், அடி படுகிறதா என்று பார்க்கும் பகடை எண்ணில் +1. பாய்ந்து வந்து ஈட்டியால் குத்தினால் இரட்டிப்புச் சேதம். முதலாவது சுலபம். இரண்டாவதுதான் தலைவலி. மட்டில் அறைகள் உண்டு, தூரம் கிடையாது! பாய்வதற்கு ஓட்டம் வேண்டாமா? பக்கத்து அறையிலிருந்து மட்டுமே பாயலாம், நடுவில் மூடிய கதவு இருக்கக் கூடாது, இரண்டு அறைகளும் வெட்டவெளியாகவோ சாலையாகவோ இருக்க வேண்டும் என்று வைத்தோம். முதல் குத்துக்குப் பிறகு ஈட்டி வெறும் சுமை. வெளியேறித் திரும்பி மறுபடி பாய வேண்டும். வெளியேற சவாரித் திறன் சோதனை. தோற்றால் காலாட்களின் நடுவே மாட்டிக்கொள்வீர்கள். மூன்று விநாடிக்கு ஒரு ரவுண்டு அடிதடி என்ற பழைய தாளத்துக்குள் இது நன்றாகவே பொருந்தியது. இன்றுவரை எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

குகையும் சுரங்கமுமாக இருக்கும் பழைய பகுதிகளில் குதிரைக்கு வேலையே இல்லை என்று சிலர் முணுமுணுக்கிறார்கள். குகைக்குள் குதிரை எதற்கு? அதை மாற்றும் எண்ணம் எனக்கில்லை.

எதிர்பாராதது குதிரையின் உயிர் விஷயம். அடிகளில் ஒரு பங்கு குதிரை மேல் விழும்படி வைத்ததும், எல்லோரும் முதலில் எதிராளியின் குதிரையைத்தான் குறிவைத்தார்கள். விளைவு, நல்ல குதிரையை லாயத்தில் கட்டிவிட்டு மட்டக்குதிரையில் போருக்குப் போனார்கள். தன் குதிரை மேல் விழும் அடியை ரவுண்டுக்கு ஒருமுறை சவாரித் திறனால் விலக்கலாம் என்ற டி20 விதியைச் சேர்த்தோம். பழக்காத குதிரை சண்டையில் மிரளும் என்பதையும் கொண்டுவந்த பிறகு, இலகு குதிரைக்கு 75 பொன், அதே ரகப் போர்க்குதிரைக்கு 150 என்ற விலை வித்தியாசத்துக்கு அர்த்தம் வந்தது. மட்டக்குதிரைகள் மறுபடி மூட்டை சுமக்கப் போயின.

குதிரைச் சண்டையைச் சேர்க்க நினைப்பவர்கள் திரையில் வரும் வரிகளையும் கவனியுங்கள். குதிரை உதைக்கிறது, கனைக்கிறது, விலகுகிறது என்று தனித்தனி வரி போட்டால் திரையே ஓடிவிடும். மட் ஆடுகிறவர்களில் பார்வையற்றவர்கள் நிறைய. திரையிலுள்ளதை வாசித்துக் காட்டும் அவர்களுடைய ஸ்க்ரீன் ரீடர் முந்தைய ரவுண்டைப் படித்து முடிப்பதற்குள் ஆள் செத்திருப்பார். இப்போது குதிரைக்கும் வீரனுக்கும் சேர்த்து ரவுண்டுக்கு ஒரே வரிதான். கனைப்பு வேண்டுமென்றால் தனியாக ஆன் செய்துகொள்ளலாம்.

இன்னும் சரிவராதது, இரண்டு பேர் எதிரெதிரே பாயும் ஈட்டிப் போட்டி. சர்வர் கட்டளைகளை ஒன்றன்பின் ஒன்றாகத்தான் எடுக்கும். முதலில் தட்டியவர் பாய்ந்துவிடுவார். மற்றவர் தன் அறையிலேயே சண்டையில் சிக்கி, பாயவே முடியாமல் போகும். நல்ல இணையம் வைத்திருப்பவர் ஜெயிக்கும் போட்டி அது. இரண்டு கட்டளைகளையும் அடுத்த ரவுண்டு வரை நிறுத்திவைத்து, நடு அறை ஒன்றில் சேர்த்துத் தீர்க்கும்படி இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன்.